மயிலின் முதுகுப் பக்கம்

அத்தியாயம் 6

"அந்த வார்த்தையை மறுபடி படிக்காதீங்க மேடம்!" என்று நிஷா கத்தினாள்.

சௌம்யா நிறுத்தவில்லை. நிஷாவின் கைப்பேசியை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் திரையை நகர்த்தி, கடைசி வரி வரைக்கும் வாய்விட்டே படித்து முடித்தாள்.

"'...அசல் நகையை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டுப் போன இந்தத் திருடியை யாரும் வீட்டுக்குள் சேர்க்க வேண்டாம். ஞானம்மாள், சி பிளாக், 304.' அவங்க அபார்ட்மென்ட் குரூப்ல அனுப்பின நேரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்து. கீழே உங்க போட்டோ. அதுக்கும் கீழே நாற்பத்தோரு பேர் பதில் போட்டிருக்காங்க."

யூசுப் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "பாதிப் பேரு கைகூப்பிகிறாங்க. ஒரு ஆளு ரோஜாப்பூ அனுப்பிகிறாரு மேடம். அவருக்குக் கல்யாணம்னாலும் பூ, கருமாதின்னாலும் பூ போல."

"யூசுப்."

"சரி மேடம், மூடிக்கினேன்."

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது சௌம்யாவின் துப்பறியும் அலுவலகம். ஒரு அறை, இரண்டு மேசை, மூன்று நாற்காலி. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பதினோரு வருடம் பொய்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கியவள். வயது நாற்பத்தொன்று. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். யூசுப் அவளுடைய உதவியாளன், ஆட்டோ ஓட்டுநர், அவள் கேட்காத எல்லாவற்றுக்கும் கருத்து சொல்பவன்.

எதிரே உட்கார்ந்திருந்த நிஷாவுக்கு முப்பது வயது இருக்கும். மணப்பெண் அலங்காரம் செய்பவள். கண் சிவந்திருந்தது. அது அழுத சிவப்பு இல்லை.

"வரிசையாச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?"

"பூந்தமல்லி மண்டபத்துல ரிசப்ஷன். பொண்ணு பேரு தீபிகா. மாமியார்தான் இந்த ஞானம்மாள். அவங்க நகைதான் அது. எனாமல் ஆரம், நடுவுல இம்மாம் பெரிய மயில் பதக்கம். ஆறு மணிக்கு நான்தான் மாட்டினேன், அஞ்சு நிமிஷம். பத்து மணிக்கு நான்தான் கழட்டினேன், ஒரு பத்து நிமிஷம். நடுவுல நாலு மணி நேரம் அது பொண்ணு கழுத்துல. மண்டபமே பார்த்துச்சு. இதுல நான் எங்க போய் மாத்துறது?"

"உங்ககிட்ட வாடகை நகை செட் இருக்கில்ல? அதுல மயில் பதக்கம் உண்டா?"

"கீது. என் பேஜ்லயே போட்டோ கீது. அதை வெச்சுத்தான் என்னைத் திருடின்றாங்க. மெட்ராஸ்ல எந்த பியூட்டிஷியன்கிட்ட மயில் இல்லை?"

"கழட்டும்போது எதாவது வித்தியாசம்?"

நிஷா கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒப்புக்கொண்டாள். "இருந்துச்சு. மயில் கழுத்துல மேக்கப் அப்பிக்கினு இருந்துச்சு. பஞ்சுல ரிமூவர் தொட்டுத் துடைச்சேன். பஞ்சு நீலமாயிடுச்சு."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது?" நிஷா எழுந்தே விட்டாள். "கல்யாண ஊட்டுல நின்னுகினு, 'ஏம்மா, உங்க நகை கவரிங்கா'ன்னு கேட்கச் சொல்றீங்களா? அத்தோட என் பொழப்பு காலி. பாதிப் பேரு கவரிங்தான் மாட்டிக்கினு மேடையில நிக்கிறாங்க. எங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டோம். இந்தத் தொழில்ல மொத பாடமே அதுதான். நான் மானத்தைக் காப்பாத்தினேன் மேடம். அவங்க என் மூஞ்சியை ஊருக்கே அனுப்பிட்டாங்க. மூணு கல்யாணம் கேன்சல். இன்னிக்கு அஞ்சு மணிக்கு அவங்க அபார்ட்மென்ட் சங்கத்துல மீட்டிங். அதுக்குள்ள அசல் நகையைக் கொண்டாந்து வெக்கலைன்னா போலீஸாம். இல்லாததை நான் எங்கேருந்து கொண்டாறது?"

சௌம்யா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

"ஐந்து மணிக்கு நீங்க அந்தக் கூட்டத்துக்கு வாங்க. ஓடி ஒளிய வேண்டாம். யூசுப், வண்டியை எடு."

---

ஆவடி சேக்காட்டில், சி பிளாக் மூன்றாவது மாடியில், கதவைத் திறந்த ஞானம்மாளுக்கு அறுபது வயது. வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"திருடிக்குத் துப்பறியறதுக்கு ஆள் வேறயா?"

"உள்ளே வரச் சொல்லு ஞானம். வாசல்ல நின்னு கத்தாதே" என்று ஒரு குரல் வந்தது. அவள் கணவர் கோவிந்தராஜ். டாங்கி தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அகலமான கைகள், மெதுவான பேச்சு. பால்கனி கிரில் ஓரமிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். அந்த வீட்டில் கோபமில்லாதவர் அவர் ஒருவர்தான்.

ஞானம்மாள் பீரோவைத் திறந்து, பட்டுத்துணி சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினாள். ஆரம் விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மயில் பதக்கம். தோகையில் பச்சையும் வெள்ளையும், கழுத்தில் நீலம். அந்த நீலத்தில் மட்டும் துடைத்து இழுத்த தீற்றல்.

"இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? தொண்ணூத்தேழுல இவரை ராஜஸ்தானுக்கு ரெண்டு மாச வேலைக்கு அனுப்பினாங்க. திரும்பி வர்றப்ப ஜெய்ப்பூர்ல வாங்கினார். அப்ப நாங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். திருநெல்வேலி, மதுரை, சேலம்னு எல்லா ஊர்க்காரங்களும் இருப்பாங்க. எந்த வீட்டு விசேஷம்னாலும் மத்தவங்க கழுத்து எல்லாம் ஒரே மஞ்சளா இருக்கும். என் கழுத்துல மட்டும்தான் நிறம் இருக்கும். அந்த நீலத்தைத் தொட்டுப் பார்க்கறதுக்குன்னே பக்கத்துல வந்து உட்காருவாங்க. ஈரம் காயாத மாதிரி இருக்கும். இருபத்தஞ்சு வருஷம் வேர்வைல, மழைல, எதுலயும் அசையல. இப்ப பாருங்க!" அவள் நகத்தால் மயில் கழுத்தைச் சுரண்டினாள். நகக் கண்ணில் நீலம் ஏறியது. "ரப்பர் மாதிரி உரிஞ்சு வருது. சாயம் பொய்னா சாமானே பொய்."

"கடையில காட்டினீங்களா?"

"காட்டலாம்னேன். இவர்தான் வேண்டாம்னார். ஊரெல்லாம் தெரிஞ்சு மானம் போகுமாம்."

"ஆனா குரூப்ல போட்டிருக்கீங்களே?"

"அதை நான் போட்டேன். இவரைக் கேட்டுட்டா போட்டேன்?" ஞானம்மாள் பதக்கத்தைப் புரட்டிப் போட்டாள். "இங்க பாருங்க அநியாயத்தை. பின்பக்கத்துல இருக்கற சிவப்புப் பூங்கொடி. அதைக்கூட விட்டுவைக்காம ஒரு இலை குறையாம காப்பி அடிச்சிருக்கா, பாவி!"

சௌம்யா முன்னால் குனிந்தாள். நகையின் முதுகில், வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில், முன்பக்கத்தைவிட நுணுக்கமாக ஒரு கொடி ஓடியது. ஏழு பூக்கள், பதினான்கு இலைகள்.

"இந்தப் பின்பக்கத்தை எப்பவாவது போட்டோ எடுத்திருக்கீங்களா?"

"முதுகை யாரும்மா போட்டோ எடுப்பா?"

"கொக்கி மட்டும் புதுசாத் தெரியுதே?"

"பழசு தளர்ந்துபோச்சு. கல்யாணத்துக்கு மூணு வாரம் முன்னாடி இவர்கிட்ட கொடுத்து மாத்தச் சொன்னேன். பூந்தமல்லி வேலுசாமி கடைதான். எப்பவும் அங்கதான்."

கோவிந்தராஜ் தன் கையிலிருந்த டம்ளருக்குள் பார்த்தார். "ம்" என்றார்.

"இதை ரெண்டு மணி நேரம் நான் எடுத்துட்டுப் போகலாமா? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"கையெழுத்து எதுக்கு? தாராளமா எடுத்துட்டுப் போங்க இந்தப் பித்தளையை!"

"வேண்டாம்!" கோவிந்தராஜ் எழுந்த வேகத்தில் டம்ளர் சாய்ந்தது. "அது... அது ஆதாரம் ஞானம். போலீஸ் வந்தா கேட்பாங்க. கை மாறக் கூடாது. வேணும்னா நானே எடுத்துக்கிட்டுக் கூட வரேன்."

"நீங்க எங்க கிளம்பறீங்க? நீங்கதானே சங்கத்துச் செயலாளர்? அஞ்சு மணிக்கு நாற்காலி யார் போடறது?"

அவர் நின்றார். பிறகு உட்கார்ந்தார். யாரும் கேட்காமலேயே சௌம்யா ஒரு தாளில் எழுதி, தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு ஆரத்தை எடுத்துக்கொண்டாள்.

---

ஆட்டோ பருத்திப்பட்டைத் தாண்டும் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. யூசுப்பால் அது முடியாது.

"மேடம், அந்தம்மாவுக்கு பிரஷர் இருநூறு இருக்கும். அந்தப் பெரியவர் பாவம். தண்ணி குடிக்கிற டம்ளருக்குள்ள ஒளிய இடம் தேடினாரு."

"பாவமா? சரி, இதுக்குப் பதில் சொல்லு. நிஷாதான் போலி செஞ்சு வெச்சான்னா, எதைப் பார்த்துச் செஞ்சா?"

"போட்டோ பார்த்து. முன்னாடி எதாச்சும் விசேஷத்துல அந்தம்மா மாட்டிக்கினு போட்டோ எடுத்திருக்கும்ல?"

"முன்பக்கம் போட்டோல இருக்கும். பின்பக்கம்?"

யூசுப் ஒரு லாரிக்கு வழிவிட்டு யோசித்தான். "அது எங்கியும் இல்லை. ஏழு பூ, பதினாலு இலைன்னா, நகையைக் கையில வெச்சுக்கினு நாள்கணக்கா உட்கார்ந்தவன்தான் செஞ்சிருக்கணும். அஞ்சு நிமிஷம் பார்த்த பொண்ணு இல்லை."

"அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா போதும். நாற்பத்தோரு பேர்ல ஒருத்தருக்குக் கேட்கத் தோணலை." அவள் குரல் இன்னும் இறங்கியது. "நகை நாள்கணக்கா வெளியே இருந்தது ஒரே தடவைதான். கொக்கி மாத்தப் போனப்ப."

"அப்போ வேலுசாமி!" யூசுப் ஹாரனை அடித்தான். "மாமே, மாட்டிக்கின!"

---

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் நான்கடி அகலக் கடை. வேலுசாமி ஆசாரிக்கு ஐம்பது வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தார். சௌம்யா ஆரத்தை அவர் முன்னால் வைத்து, "இதோட கொக்கியை மூணு வாரத்துக்கு முன்னாடி நீங்க மாத்தினீங்க. எத்தனை நாள் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"நானா? எவன் சொன்னான்?"

"கோவிந்தராஜ் வீட்டுல."

"அந்தம்மா நகையா இது? எங்கிட்ட வரவே இல்லை. வந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். அங்க பாருங்க." அவர் தலைக்கு மேலே கை காட்டினார். அட்டையில் எழுதித் தொங்கியது: 'எனாமல் நகைகளில் பற்றவைப்பு வேலை செய்யப்படாது.'

"அண்ணாத்தே, எனாமல்னா பெயின்ட்டு தானே? அதுக்கு இன்னா இவ்ளோ பில்டப்பு?" என்றான் யூசுப்.

வேலுசாமிக்கு முகம் சிவந்தது. "பெயின்ட்டா? எழுந்து வெளியே போ. பெயின்ட்டுன்னு சொல்ற ஆளை நான் கடையில உட்கார வைக்கறதில்லை. அது கண்ணாடிய்யா! நிறக் கண்ணாடியை மாவா அரைச்சு, தண்ணியில குழைச்சு, தங்கத்துல குழி வெட்டி, அந்தக் குழியில நிரப்பி, சூளையில வைப்பாங்க. உருகித் தங்கத்தோட ஒட்டிக்கும். எல்லா நிறமும் ஒரே சூடு தாங்காது. அதிகம் தாங்கற வெள்ளை முதல்ல உள்ளே போகும். அப்புறம் நீலம், பச்சை. சிவப்பு ரொம்ப நோஞ்சான், அது கடைசி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை நெருப்புக்குள்ள போய் வரணும். அந்தக் காலத்துல லாகூர்லேருந்து ஜெய்ப்பூர் ராஜா கூட்டிட்டு வந்த குடும்பங்கள் செஞ்ச வேலைன்னு சொல்வாங்க."

"பின்பக்கத்துல எதுக்கு இவ்வளவு வேலை? யாரும் பார்க்கப்போறதில்லையே?" சௌம்யா கேட்டாள்.

"தங்கம் தோல்ல உரசித் தேயாம இருக்கறதுக்கு. அது ஒரு காரணம். இன்னொண்ணு, முன்பக்கம் ஊரு பார்க்கறதுக்கு, பின்பக்கம் போட்டுக்கறவ பார்க்கறதுக்கு. அவ கழட்டி வைக்கறப்ப அவளுக்கு மட்டும் தெரியும்." கோபம் கொஞ்சம் தணிந்து அவர் ஆரத்தைக் கையில் எடுத்தார். எடுத்ததும் நெற்றி சுருங்கியது. பதக்கத்தை முன்பல்லில் தட்டினார். "இது கண்ணாடி இல்லை. பல்லுல சத்தமே வரலை. ரெசின். சாவிக்கொத்து செய்யறாங்களே, அந்தப் பசை."

"போலின்னு எங்களுக்கும் தெரியும்."

"அவசரப்படாதீங்க." பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒரு ஊசியால் மயில் கழுத்தின் ஓரத்தை நெம்பினார். பசை ஒரு தோல் போல எழும்பி வந்தது. அதற்கடியில், குழியின் மூலையில், கடுகில் பாதி அளவுக்கு ஏதோ மின்னியது. ஊசியால் தட்டினார். டிக் என்றது. "இது கண்ணாடி. அசல் நீலம்."

"போலிக்குள்ள அசலா?" என்றான் யூசுப்.

வேலுசாமி உரைகல்லை எடுத்தார். வளையத்தின் ஓரத்தைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். திராவகத்தில் ஒரு சொட்டு விட்டார். மூன்று பேரும் அந்த மஞ்சள் கோட்டையே பார்த்தார்கள். கோடு அழியவில்லை.

"பித்தளைன்னு சொன்னது யாரு? இருபத்திரண்டு காரட். எட்டு சவரனுக்குக் குறையாது."

யூசுப்பின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. "மேடம். நீங்க குடுத்ததும் அதை நான் பாக்குப் பொட்டலத்தோட சேர்த்து இதுலதான் வெச்சிருந்தேன். ரெண்டு இடத்துல டீ குடிக்க எறங்கிக்கினேன்."

சௌம்யா சிரிக்கவில்லை. "அப்போ யாரும் எதையும் மாத்தலை. இதுதான் ஞானம்மாளோட நகை. அதனாலதான் பின்பக்கம் ஒரு இலைகூடக் குறையலை. திருட்டே நடக்கலை."

"நடக்கலைதான். ஆனா கொலை நடந்திருக்கு," என்றார் வேலுசாமி. கொக்கி சேரும் இடத்தை அவளுக்குத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, ஒட்டின இடம் வெள்ளையாத் தெரியுது. நாங்க தங்கத்துக்குத் தங்கத்துலயே பொடி செஞ்சு, அதை வெச்சு ஊதி ஒட்டுவோம். இவன் வெள்ளிக் கம்பியை உருக்கி விட்டிருக்கான். ஃப்ரிட்ஜ் பைப் ஒட்டற மாதிரி. பெரிய சுடரைக் காட்டியிருக்கான். ஒரே பக்கம் சூடு ஏறினா கண்ணாடி என்ன ஆகும்? குளிர்ந்த கண்ணாடி டம்ளர்ல கொதிக்கற டீயை ஊத்திப் பாருங்க. வெடிச்சுத் தெறிச்சிருக்கும். அப்புறம் குழியைச் சுத்தம் பண்ணிப் பசையை ஊத்தி மறைச்சிருக்கான். ஒண்ணு சொல்லணும், ஆசாரி இல்லையே தவிர கை நல்ல கை. ஒட்டு சும்மா இரும்பு மாதிரி நிக்குது."

"இது என்ன புள்ளி?" சௌம்யா கொக்கிக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். ஊசி முனையால் குத்தியது போல், அரிசியில் கால்வாசி அளவுக்கு இரண்டு இலக்கங்கள். 71.

"கடை முத்திரை இல்லை. ஜெய்ப்பூர்க்காரன் போட்டதும் இல்லை, புதுசு. என்னன்னு எனக்கே புரியலை."

யூசுப் பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் முகத்தில் இருந்த கேலி மொத்தமாகப் போய்விட்டது.

"எனக்குப் புரியுது மேடம். ஆட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு வெல்டிங் பட்டறைல நாலு வருஷம் ஹெல்பரா இருந்தேன். பெரிய கம்பெனி வேலைன்னா, ஒட்டின ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்துல ஒட்டினவன் தன் நம்பரை அடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும். நாளைக்கு விட்டுப்போச்சுன்னா யாரு குத்தம்னு தெரியணுமில்ல? பழகிப்போச்சுன்னா கை தன்னால போவும். எங்க மேஸ்திரி அவர் ஊட்டுத் தண்ணி டிரம்முல கூட அடிச்சு வெச்சிருந்தாரு."



"'வேண்டாம், அது ஆதாரம்'னு அந்த மனுஷன் பதறினார்," சௌம்யா மிக மெதுவாகச் சொன்னாள். "பித்தளைக்கு யாரு அப்படிப் பதறுவா? அவருக்குத் தெரியும் இது தங்கம்னு. அந்த வீட்டுல அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். வண்டியை எடு."

---

சேக்காடு வந்து சேர்ந்தபோது நாலு நாற்பது. கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிஷா தனியாக நின்றிருந்தாள். முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்ட இரண்டு பெண்கள் தங்கள் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்கள். நிஷா அதைப் பார்த்தாள். சௌம்யாவும் பார்த்தாள்.

"மேலே வாங்க" என்றாள் சௌம்யா.

304-இல் கதவு திறந்திருந்தது. நிஷாவைப் பார்த்ததும் ஞானம்மாள் கொதித்தெழுந்தாள். "இவளை எதுக்கு உள்ளே கூட்டிட்டு..."

"உங்க நகையைக் கொண்டுவந்திருக்கேன்" என்று சௌம்யா ஆரத்தை மேசைமேல் வைத்தாள். "அசல் நகை. எட்டு சவரன், இருபத்திரண்டு காரட். வேலுசாமி உரைச்சுப் பார்த்துட்டார். நீங்க ஜெய்ப்பூர் நகைன்னு சொன்னதும் இதுதான், பித்தளைன்னு தூக்கிக் கொடுத்ததும் இதுதான்."

"என்ன உளர்றீங்க? சாயம் வழியுது!"

"சாயத்தைப் பத்தி உங்க வீட்டுக்காரர் சொல்வார். யூசுப், பால்கனி கிரில்லைப் பாரு."

யூசுப் போய்க் குனிந்து பார்த்தான். "கீது மேடம். நாலு மூலையிலயும் கீது. எழுபத்தொண்ணு."

"கிரில் யார் செஞ்சது ஞானம்மா?"

"இவர்தான். அதுக்கும் இதுக்கும்..." அவள் நிறுத்தினாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

கோவிந்தராஜ் உட்கார்ந்திருந்தார். அந்த அகலமான கைகள் முழங்காலைப் பற்றியிருந்தன.

"வேலுசாமி கிட்டக் கொடுக்கணும்னுதான் கிளம்பினேன்," என்று ஆரம்பித்தார். "ஒரு கொக்கி. இம்மாத்துண்டு. முப்பத்துநாலு வருஷம் டாங்கி ஒட்டின கை இது. நான் ஒட்டினது ஒண்ணுகூட விட்டதில்லை. இதுக்குப் போய் அடுத்தவன் கடை வாசல்ல நிக்கணுமான்னு தோணிச்சு. மாடியில உட்கார்ந்து சுடரைக் காட்டினேன். கொக்கி நல்லா ஒட்டிக்கிச்சு. கையோட நம்பரைக்கூட அடிச்சுட்டேன். ஆற வெச்சேன். பட்டுன்னு ஒரு சத்தம். மயில் கழுத்து தெறிச்சு என் மடியில விழுந்தது. அப்புறம் வரிசையா, பட்டு, பட்டுன்னு. பின்பக்கச் சிவப்பு எல்லாம் தூளாப் போச்சு."

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" ஞானம்மாள் கேட்டாள். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"எப்படிச் சொல்றது? வீடியோ பார்த்து, பசை வாங்கி, நிறம் கலந்து ஒரு வாரம் உட்கார்ந்து ஊத்தினேன். உனக்கே வித்தியாசம் தெரியலை. அப்படியே போயிடும்னு நினைச்சேன். இந்தப் பொண்ணு பஞ்சுல என்னத்தைத் தொட்டுத் துடைச்சதோ..."

"என்னது?" நிஷா ஒரு அடி முன்னால் வந்தாள். "இப்பவும் நான் துடைச்சதுதான் தப்பா?"

"அதில்லைம்மா. போலீஸ் வரைக்கும் போகாது, ரெண்டு நாள்ல ஆறிடும்னு..."

"கீழே நாற்காலி போட்டது நீங்க," சௌம்யா குறுக்கிட்டாள். "எண்ணி, வரிசையாப் போட்டிருக்கீங்க. செவ்வாய்க்கிழமை காலையிலேருந்து மூணு நாள் உங்களுக்கு நேரம் இருந்தது. ஒரு வெல்டர் ஒரு கொக்கியில தோத்துட்டார்னு நாலு பேருக்குத் தெரியக் கூடாது. அதுக்கு விலை, இவளோட பேரு. நீங்க திருடியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது சார்."

ஞானம்மாள் ஆரத்தைத் தொடவில்லை. கணவரின் முன்னால் போய் நின்றாள்.

"கண்ணாடி போனதுக்கு நான் ரெண்டு நாள் அழுதிருப்பேன். ஒரு வாரம் உங்களோட பேசியிருக்க மாட்டேன். அவ்வளவுதானே? இந்தக் கையாலதான் திருடின்னு எழுதினேன். பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க. காப்பி குடிச்சிட்டிருந்தீங்க. எழுத விட்டுட்டீங்களே!"

கோவிந்தராஜ் கைப்பேசியை எடுத்தார். "குரூப்ல போட்டுடறேன். தவறுதலா நடந்துபோச்சுன்னு. அந்த மெசேஜையும் அழிக்கச் சொல்றேன். கூட்டம் வேண்டாம்னு..."

"அழிப்பீங்களா?" நிஷாவின் குரல் படிக்கட்டு வரை கேட்டது. "இன்னாத்தை அழிப்பீங்க? இதோ, கீழே என்னைப் பார்த்துப் பையை இறுக்கிக்கினாங்களே ரெண்டு பேரு, அதை அழிப்பீங்களா? நீங்க போடுற மெசேஜை எத்தனை பேரு படிப்பான்? திருடின்னா நின்னு படிப்பான். திருடி இல்லைன்னா தள்ளிட்டுப் போயிடுவான். இந்தக் கட்டடத்துல நாற்பத்தெட்டு ஊடு கீது. ஒவ்வொரு கதவா வாங்க. நான் பக்கத்துல நிக்கறேன். என் மூஞ்சியைக் காட்டித்தானே திருடின்னீங்க? அதே மூஞ்சியைக் காட்டிச் சொல்லுங்க."

"அம்மா, வயசான மனுஷன், நாற்பத்தெட்டு வீடு..." என்று கோவிந்தராஜ் இழுத்தார்.

"லிஃப்ட் கீதில்ல" என்றான் யூசுப்.

முதல் கதவு 303. ஐந்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. கோவிந்தராஜ் கதவுக்கு முன்னால் நின்றார். அழைப்பு மணியை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. ஞானம்மாள் அவரைத் தாண்டிக் கையை நீட்டி மணியை அழுத்தினாள். விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

கதவைத் திறந்த பெண் நிஷாவைப் பார்த்ததும், திறந்த கதவைப் பாதி மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"அது வந்தும்மா," கோவிந்தராஜ் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டு ஆரத்துல கொக்கி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதை நான்..."

"கொக்கிக் கதை அப்புறம்," என்றாள் நிஷா. "மொத வார்த்தை என் பேரு."

அவர் நிமிர்ந்தார். "நிஷா எதையும் எடுக்கலை. நகையைக் கெடுத்தது நான். இவங்க மேல பழி விழுந்தப்ப பேசாம இருந்ததும் நான்தான்."

கதவு முழுவதுமாகத் திறந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் போய் ஒரு அவசரச் சிரிப்பு வந்தது. "அப்படியா சார்! எனக்கு அப்பவே தோணிச்சு. இந்தப் பொண்ணைப் பார்த்தா அப்படித் தெரியலையேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன்."

"செவ்வாய்க்கிழமை தோணிச்சுன்னா செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கணும்" என்றாள் நிஷா.

சிரிப்பு நின்றது. கோவிந்தராஜ் திரும்பி, அடுத்த கதவை நோக்கி நடந்தார். அந்த மணியை அவரே அடித்தார்.